ஏழு மாதம் பெயர் மாறாத வண்டி

மகாலட்சுமி மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவர். பத்தொன்பது வருடமாகச் சின்னமனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார். மீட்டர்மேல் காந்தம் வைத்தவர்கள், கண்ணாடியில் ஊசியால் ஓட்டை போட்டவர்கள், நாயை அவிழ்த்து விட்டவர்கள் என்று எல்லோரையும் பார்த்திருக்கிறார். யாரோடும் சண்டை போட்டதில்லை. எண்ணைக் குறித்துக்கொள்வார், சந்தேகம் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அவருடைய மொபெட் போன வைகாசியில் ராயப்பன்பட்டி போகும் வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். ஒரு மணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. மகாலட்சுமி விஷயத்தைப் புரிந்துகொண்டு பஸ் ஏறினார்.

அடுத்து பைக்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் தோட்டத்து வீடுகளுக்குப் போகும் வண்டிப் பாதையில் புதைந்துவிடும். பைக் ஓட்டக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். கணவர் சுரேஷ்கண்ணன் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் கிளார்க். அவருக்குச் சைக்கிள்கூட வராது. பின்னால் உட்காருவதில் மட்டும் நல்ல அனுபவம் உள்ளவர்.

புது வண்டிக்கு வசதி போதாது. பழைய வண்டி தேடினார்கள். போடியில் பார்த்த முதல் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் சரியாக இருந்தது, தேதியும் இருந்தது. சோதனை செய்த வண்டியின் படத்தையும் அதில் அச்சிடுவார்கள். அந்தப் படத்தில் வண்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் நம்பர் பிளேட்டை மட்டும் சாய்த்து வைத்து எடுத்திருந்தார்கள். புகை அளவு மிகக் குறைவு என்று கீழே போட்டிருந்தது. மகாலட்சுமி சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாவதாகப் பார்த்த வண்டி பழனிசெட்டிபட்டியில் இருந்தது. செல்வின் என்பவர் அங்கே பழைய பைக் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் ராயப்பன்பட்டி. முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பேச்சு. கறுப்பு நிற பைக் ஒன்றைக் காட்டி, அதன் குணநலன்களைச் சுரேஷ்கண்ணனிடம் சொல்லத் தொடங்கினார். ஒரே ஓனர். மார்க்கையன்கோட்டைக்காரர். வாங்கி ஒன்பது வருடம் ஆகியும் வீட்டிலேயே நின்ற வண்டி. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்தது. சுரேஷ்கண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, ஓட்டப் போவது தான் இல்லை என்று சொன்னார். செல்வின் ஒரு நிமிடம் மகாலட்சுமியைப் பார்த்துவிட்டு, மீதியையும் சுரேஷ்கண்ணனிடமே சொல்லி முடித்தார்.

அதற்குள் மகாலட்சுமி மீட்டரைப் பார்த்திருந்தார். 28,614 கிலோமீட்டர். பிரேக் பெடலைப் பார்த்தார். அதன் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பின் சீட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரிய போல்ட்டுகள் இருந்த தடம். ஏதோ கனமான கேரியரைக் கழற்றியிருக்கிறார்கள். பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்து காய்ந்த வெற்றிலைக் காம்புகள் நாலைந்து கொட்டின.

சர்வீஸ் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் நின்ற வண்டிக்கு எதற்கு சர்வீஸ் என்றார் செல்வின். மகாலட்சுமி சீட்டைத் தூக்கினார். டூல்ஸ் பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதற்குள் வண்டியோடு கொடுத்த புத்தகமும், எட்டாக மடித்த ஒரு சர்வீஸ் பில்லும் இருந்தன. பில்லின் தேதி 2022 மார்ச். வண்டி ஓடிய தூரம் 43,260 கிலோமீட்டர்.

அவர் பில்லை செல்வினிடம் நீட்டினார்.

"வேற வண்டி பில்லா இருக்கும்க்கா" என்றார் செல்வின்.

மகாலட்சுமி வண்டி நம்பர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். இதே நம்பர்தான்.

"அப்ப அடிச்சவுக தப்பா அடிச்சிருப்பாக."

மகாலட்சுமி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேர் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். ஓட்டிக்கொண்டே இருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று செல்வின் சொன்னார். அப்போது அவர் மகாலட்சுமியையும் பார்க்கவில்லை, சுரேஷ்கண்ணனையும் பார்க்கவில்லை. எதிரே இருந்த பேக்கரியைப் பார்த்துச் சொன்னார். மகாலட்சுமி பில்லைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழியில் சுரேஷ்கண்ணன், இந்த வண்டியும் வேண்டாம் போல என்றார். மகாலட்சுமிக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து கேட்டிருந்தார். சத்தம் நன்றாக இருந்தது. நாற்பத்து மூவாயிரம் ஓடின பிறகும் அப்படிச் சத்தம் வருகிறதென்றால் யாரோ நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் அவருக்கு விளங்கவில்லை. ஒழுங்காக வைத்திருந்த வண்டியைப் பற்றி எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அன்று சாயங்காலம் போனில் அரசாங்கச் செயலியைத் திறந்து வண்டி நம்பரைப் போட்டார். ஓனர் பெயரில் பாதி எழுத்தை நட்சத்திரமாக மறைத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. கேரளாவில் ஒரே ஒரு அபராதம், அதுவும் கட்டியாகிவிட்டது. வீட்டிலேயே நின்ற வண்டி அங்கே அணைக்கரையில் நோ பார்க்கிங்கில் நின்றிருக்கிறது.

சர்வீஸ் பில்லில் வாடிக்கையாளரின் போன் நம்பர் இருந்தது. மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மகாலட்சுமி அந்த எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தார். மகாலட்சுமி வண்டி நம்பரைச் சொன்னதுமே அந்தப் பக்கம் பதில் வந்தது.

"ஓடிபி கேக்கப் போறீகளா? குடுக்கமாட்டேன்."

போனை வைத்துவிட்டார்.

மகாலட்சுமி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். ஓடிபி எதுவும் வேண்டாம், வண்டியை வாங்கலாமா என்று பார்க்கிறேன், வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"மீட்டர்ல என்ன போட்டிருக்கு?"

"இருபத்தெட்டாயிரம்."

"இருபத்தெட்டாயிரமா" என்றார் அந்தப் பெண். பிறகு, "ஞாயித்துக்கெழம வாங்க. மார்க்கையன்கோட்டையில வந்து வெத்தல சங்கிலியம்மான்னு கேளுங்க" என்றார்.

சங்கிலியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. குத்தகைக்கு எடுத்த கொடிக்காலில் வெற்றிலை பயிர் செய்கிறார். மகாலட்சுமி போனபோது வெற்றிலையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் வீரபாண்டி கட்டிலில் உட்கார்ந்து கட்டுக்கு நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலது காலைத் தரையில் முழுவதும் ஊன்றாமல் வைத்திருந்தார். மகாலட்சுமி எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நார் கிழிப்பதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் கிழித்தார்.

சங்கிலியம்மாள் உள்ளே போய் ஒரு துணிக்கடைக் கவரை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தார். அவ்வளவும் அந்த வண்டியின் பேப்பர்கள். சர்வீஸ் பில்கள் முப்பத்தொன்று. ஆறு மாதத்துக்கு ஒன்றாக எடுத்த புகைச் சான்றிதழ்கள். எல்லாப் படத்திலும் வண்டி இருந்தது. இவ்வளவையும் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று மகாலட்சுமி கேட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் கேரள எல்லையில் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டுகிறவர்கள் வைத்திருக்கத்தான் வேண்டும் என்றார் சங்கிலியம்மாள். அங்கே நிற்கிற போலீஸ்காரர் "பேப்பர் உண்டோ" என்று மட்டும்தான் கேட்பார். இருந்தால் வேறு பேச்சே கிடையாது.

மகாலட்சுமி தரையில் உட்கார்ந்து பில்களைத் தேதி வரிசைப்படி அடுக்கினார். கிலோமீட்டரைப் படித்துக்கொண்டே வந்தார். எண்கள் ஏறிக்கொண்டே போயின. 2018 ஐப்பசியில் பத்தொன்பதாயிரத்தில் நின்றன. அடுத்த பில் ஆறு மாதம் கழித்து. அதில் முன் ஃபோர்க் இரண்டும் மாற்றியதாக இருந்தது.

அது என்ன என்று கேட்டார்.

வீரபாண்டிக்குக் கால் உடைந்தது இந்த வண்டியில்தான் என்று சங்கிலியம்மாள் சொன்னார். மறைக்கவில்லை. கம்பம்மெட்டு இறக்கத்தில் மழையில் சறுக்கி விழுந்திருக்கிறார். காலில் பிளேட் வைத்தார்கள். அதற்கு முன்பு அவர்தான் மலைக்கடைகளுக்கு வெற்றிலை கொண்டுபோவார். விழுந்த பிறகு வண்டி ஓட்ட மனம் வரவில்லை. கொடியில் வெற்றிலை முற்றிக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் பள்ளிக்கூட மைதானத்தில் பதினைந்து நாள் ஓட்டிப் பழகினார். லைசென்ஸ் எடுத்தார். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே நாற்பது கவுளி வெற்றிலையை நனைத்த சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு மலை ஏறினார். மேலே கேரளாவில் புற்றடியில் இருந்த கடைக்காரர், சேட்டன் எங்கே என்று கேட்டார். சேட்டன் படுத்திருக்கிறார், வெற்றிலையை எண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அதிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் அவர்தான் ஓட்டினார். இறக்கத்தில் பிரேக்கை நம்பித்தான் உயிர் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரேக் ஷூ மாற்றினார். பில்லில் எல்லாம் இருந்தது. கடைசி பில் எட்டு மாதத்துக்கு முன் ஐப்பசியில் போட்டது. 71,940 கிலோமீட்டர்.

"அதுக்கப்பறம் எட்டு நாள்தான் ஓட்டுனேன்" என்றார் சங்கிலியம்மாள். "மதுரையில ஆபரேஷனுக்குப் போயிட்டேன். கர்ப்பப்பையை எடுத்தாக. இருபது நாள் கழிச்சு வந்து பாத்தா வண்டி இல்ல."

நார் கிழிக்கும் சத்தம் நின்றது. மகாலட்சுமி பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்.சி. வீரபாண்டி பெயரில் இருந்தது. அவர்தான் செல்வினிடம் விற்றுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் பேர் மாற்ற விண்ணப்பித்தால் பதிவில் உள்ள போனுக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னால்தான் மாறும். பதிவில் போன் நம்பரைச் சேர்க்கச் சொன்ன சமயத்தில் வீரபாண்டி கட்டுப்போட்ட காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்ததால் சங்கிலியம்மாள் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். செல்வின் விண்ணப்பித்தார். எண் சங்கிலியம்மாளுக்கு வந்தது. செல்வின் வீரபாண்டிக்குப் போன் செய்தார். வீரபாண்டி மனைவியிடம், ஏதாவது நம்பர் வந்ததா என்று கேட்டார். கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய நம்பர்தான் வந்திருக்கிறது என்று சங்கிலியம்மாள் சொன்னார். இப்படிப் பதினோரு முறை நடந்திருக்கிறது. பதினோரு மெசேஜும் போனில் அப்படியே இருந்தன. இதற்கிடையில் செல்வின் அந்த வண்டியை இரண்டு பேருக்கு விற்றிருந்தார், பேர் மாறாததால் இரண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள்.

வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. நேரத்துக்குச் சோறு பொங்கி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். வெற்றிலையைத் தெரிந்த ஜீப்காரர் ஒருவர் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார்.

வீரபாண்டி தொண்டையைச் செருமினார். மகாலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினார். "வெளியில ஸ்கேன் எடுக்கச் சொன்னாக. ரத்தம் ஏத்தணும்னாக. கையில ஒண்ணுமில்ல. இனிமே வெயிட்டு தூக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாக. அதான் குடுத்தேன்."

சங்கிலியம்மாள் கையில் இருந்த வெற்றிலையை எண்ணி முடித்து வைத்தார்.

"நெசந்தான் தாயி. அந்தக் காசு எனக்குத்தான் செலவாச்சு. நான் இல்லன்னு சொல்லல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்லதான் உக்காந்திருந்தாக. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுக்கச் சொல்லிருப்பேன்."

வீரபாண்டி கிழித்த நாரையே இன்னும் மெல்லியதாகக் கிழித்தார்.

இந்த இடத்தில் மகாலட்சுமிக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. வேலை நிமித்தம் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார். மீட்டரைப் பார்ப்பார், வெளியே வந்துவிடுவார். ஒரு வீட்டின் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது இதுவே முதல்முறை. பில்களை அடுக்கிக் கவருக்குள் போட்டார். பிறகு கேட்டார்.

"அக்கா, வண்டி உங்களுக்குத் திரும்ப வேணுமா? வேணும்னா நான் வேற பாத்துக்கிறேன். வேண்டாம்னா, நான் வாங்கிக்கிரலாமா?"

சங்கிலியம்மாள் முதலில் ஒருதடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ்ஸில் பழனிசெட்டிபட்டிக்குப் போனார்கள். சங்கிலியம்மாளை யாரென்று மகாலட்சுமி சொன்னதும் செல்வின் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார். டீ சொன்னார். மன்னிப்புக் கேட்பதா, சண்டைக்குத் தயாராவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றார். சங்கிலியம்மாள் சாவியை மட்டும் கேட்டார்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கேரியர் இருந்த இடத்தைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. பத்து நிமிடத்தில் வருவார் என்று நினைத்தார்கள். அரை மணி ஆனது. ஆர்.சி.யும் அவர்கள் வீட்டுப் பேரில், வண்டியும் அவர்கள் கையில் என்பது செல்வினுக்கு அப்போதுதான் தோன்றியது போலிருக்கிறது. ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்தார். வந்துவிடுவாகல்ல அக்கா என்று இரண்டு முறை கேட்டார். தெரியாது என்று மகாலட்சுமி உண்மையைச் சொன்னார்.

ஐம்பது நிமிடம் கழித்து சங்கிலியம்மாள் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். போடி மெட்டு அடிவாரம் வரைக்கும் போனதாகச் சொன்னார். நல்ல ரோட்டில் ஒன்றுமில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடிவயிற்றில் இழுக்கிறது. இதை வைத்துக்கொண்டு சுமையோடு மலை ஏற முடியாது.

"செயின் தொளதொளன்னு கெடக்கு, டைட் வைக்கணும்" என்று செல்வினிடம் சொன்னார். பிறகு மகாலட்சுமியிடம், "எடுத்துக்க தாயி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரிக்குப் பின்னால் வந்ததில் தூசி என்றார். இருக்கலாம். அந்த ரோட்டில் தூசி உண்டு.

மகாலட்சுமிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மீட்டரைப் பழையபடி எழுபத்திரண்டாயிரத்துக்கு ஏற்றித் தர வேண்டும் என்றார்.

செல்வின் அவரைப் பார்த்தார். "கொறைக்கத்தான் ஆள் இருக்குக்கா. கூட்டுறதுக்கு ஆள் இல்ல."

இருந்தாலும் கேட்டுப் பார்த்தார். குறைத்துக் கொடுத்தவருக்குப் போன் செய்து, கூட்ட வேண்டும் என்றார். அவர் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டார். கூட்ட வேண்டும் என்று செல்வின் மறுபடியும் சொன்னார். பக்கத்தில் போலீஸ் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்று செல்வின் சொன்னதும் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

கடைசியில் மகாலட்சுமி தனக்குத் தெரிந்த முறையில் செய்தார். வீட்டு மீட்டரை மாற்றினால் பழையதன் கடைசி எண்ணையும் புதியதன் முதல் எண்ணையும் வெள்ளை அட்டையில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதேபோல விற்பனைத் தாளில் எழுதினார். இந்த வண்டி கடைசி பில்லின்படி 71,940 கிலோமீட்டர் ஓடியது. மீட்டர் காட்டுவது 28,658. முன் ஃபோர்க் விபத்தில் மாற்றப்பட்டது. கீழே செல்வின் கையெழுத்துப் போட்டார். இப்படி ஒரு தாளில் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை என்றார். உண்மை எழுதியிருந்ததால் விலையையும் குறைக்க வேண்டி வந்தது. அதிலும் அவருக்கு வருத்தம். ஆனால் ஏழு மாதமாகக் கடைக்கே திரும்பி வந்துகொண்டிருந்த வண்டி போகிறதே என்ற சந்தோஷமும் இருந்தது.

செல்வின் பன்னிரண்டாவது முறையாக விண்ணப்பித்தார். சங்கிலியம்மாளின் போனில் மெசேஜ் மணி அடித்தது. அவர் அதைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொன்னார். செல்வின் தட்டினார். கம்ப்யூட்டர் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. மீதி நடைமுறையெல்லாம் முடிந்து ஆர்.சி. மகாலட்சுமி பெயரில் வர மூன்று வாரம் ஆனது.

இப்போது மகாலட்சுமி அந்த வண்டியில்தான் ரீடிங் எடுக்கப் போகிறார். அந்த விற்பனைத் தாளின் கதை ஆபீஸில் பரவி, பழைய வண்டி வாங்குகிற லைன்மேன்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் சீட்டைத் தூக்கிப் பார்ப்பார், பெடலைப் பார்ப்பார், பில் கேட்பார். விற்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

தை மாதம் சங்கிலியம்மாளும் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். சுமையில்லாமல் போய்க் கடைகளில் பணம் வசூலிக்க அது போதும். அதற்கும் மகாலட்சுமிதான் கூடப் போனார். இரண்டு வண்டிகளை வேண்டாம் என்று தள்ளி, மூன்றாவதை எடுத்தார்கள். திரும்பும் வழியில் கம்பத்தில் டீ குடிக்க நின்றபோது, வீட்டில் எப்படி என்று மகாலட்சுமி கேட்டார்.

சங்கிலியம்மாள் சலித்துக்கொண்டார். அன்றிலிருந்து வீரபாண்டி எதற்கெடுத்தாலும் கேட்கிறாராம். பழைய பேப்பர்காரன் வந்தால், போடவா என்று கேட்கிறார். முருங்கைக் கிளையை வெட்டவா என்று கேட்கிறார். நேற்றுக் கொடிக்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்போது போன் செய்து, சட்டையில் ஒரு பொத்தான் போய்விட்டது, தூர எறியவா என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீக?" என்றார் மகாலட்சுமி.

"வச்சிருங்க, வந்து பாக்குறேன்னேன்."